நடை சாத்திய புதன்கிழமை

கீழப்பழுவூர்
22-1-1984

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

உன் அண்ணி அம்சவள்ளி எழுதுவது. இங்கே உன் அண்ணன், கண்ணகி, மூன்று ஆடு எல்லோரும் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. பொங்கலுக்குக்கூட நீ வரவில்லையே. பாடாலூர் என்ன சீமையிலா இருக்கிறது? பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ். டீச்சர் வேலை கிடைத்தவர்கள் அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கவர்மெண்டில் ஆர்டர் போட்டிருக்கிறார்களா? கண்ணகி தன் கரும்பில் பாதியை அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அது காய்ந்து குச்சியானதும் அழுதுகொண்டே ஆட்டுக்குப் போட்டாள்.

உன் அண்ணன் குவாரி வாட்ச்மேன் வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். இடது கையெழுத்து இப்போது நன்றாக வந்துவிட்டது. வலது கை இருந்த காலத்தில் போட்டதைவிட அழகு என்று சொன்னேன். "அப்ப அந்தக் கை போனதே நல்லதுங்கிற" என்று சிரிக்கிறார்.

வைரக்கண்ணு அக்கா உன்னைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாம். "சம்பூர்ணமா அது? எலும்பும் தோலுமா போயிட்டாளே. கண்ணச் சுத்தி மை தடவுனாப்புல கருத்துக் கெடக்கு" என்றது. நீ தூங்குகிறாயா இல்லையா? கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாயே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? வந்த மூன்று சம்பந்தத்தையும் வேண்டாம் என்றாய். சரி, அதைக் கேட்கவில்லை. கேட்டால் பத்து நாள் பேச மாட்டாய்.

திங்களும் வெள்ளியும் தவறாமல் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிறாயாமே. போ, நல்லதுதான். ஆனால் அந்த அம்மனே வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நடை திறக்கிறாள். மற்ற ஐந்து நாளும் சாத்திக்கொண்டு சும்மா இருக்கிறாள். நீ ஏழு நாளும் திறந்தே வைத்திருக்கிறாய். உலகத்தை நீயா சுமக்கிறாய்?

என்னைப் பார். நம் ஊர் செல்லியம்மன் பூ வாக்குக் கொடுத்து என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினாள். அனுப்பியவள் பார்த்துக்கொள்வாள் என்று பாயில் சாய்ந்தால் எனக்கு விடிந்துவிடும். உனக்கும் அப்படி ஒரு தூக்கம் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாதமாக அடிவயிற்றில் ஒரு வலி. பெரிதாக ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு உடனே கிளம்பி வந்துவிடாதே.

உன் அண்ணி,
அம்சவள்ளி


பாடாலூர்
26-1-1984

அன்புள்ள அண்ணிக்கு,

கொடியேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். கரும்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு வயிற்று வலியைக் கடைசி வரியில் எழுதுகிறீர்களே, இது நியாயமா? இரண்டு மாதமாக வலி என்றால் ஒன்றுமில்லாமல் எப்படி இருக்கும்?

திங்கட்கிழமையே அண்ணனைக் கூட்டிக்கொண்டு திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏழு மணி பஸ்ஸை விட்டால் சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டமாகிவிடும். காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம், இரத்தம் எடுப்பார்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். கண்ணகியை வைரக்கண்ணு அக்கா வீட்டில் விடுங்கள், கிணற்றுப் பக்கம் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரம்மா சொல்வதை அண்ணன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் பாதியை மறந்துவிடுவீர்கள். நான் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருவேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வைரக்கண்ணு அக்காவுக்குக் கண்ணாடி போட வேண்டும்.

இன்னொன்று. கடிதத்துக்குக் கடிதம் பூ வாக்கு, பூ வாக்கு என்று எழுத வேண்டாம் அண்ணி. நடந்து முடிந்த கதை. அதற்கு என்ன இப்போது?

பூட்டை இழுத்துப் பார்ப்பதில் என்ன தப்பு? திறந்து கிடந்தால் நீங்களா வந்து பார்ப்பீர்கள்?

அன்புடன்,
சம்பூர்ணம்


கீழப்பழுவூர்
19-2-1984

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

நீ சொன்னபடியே போய்வந்தோம். இரண்டு தடவை போனோம். நீயும் லீவு இல்லாமல் ஒரு நாள் வந்து, நின்ற காலிலேயே அத்தனை பேரையும் விரட்டிவிட்டுப் போனாய். டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பையில் கட்டி. பங்குனி முடிவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டுமாம். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். நல்ல அம்மா. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

உன் அண்ணன் பஸ்ஸில் வரும்போது, டாக்டரம்மா சொன்னதை எழுதிய தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

எனக்கு உயிர் மேல் ஆசை இல்லாமல் இல்லை சம்பூர்ணம். கண்ணகிக்கு எட்டு வயதுதான் ஆகிறது. ஆனால் பெரிய காரியம் எதையும் நான் என் இஷ்டத்துக்குச் செய்ததில்லை. செல்லியம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று இரண்டு பொட்டலம் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் கத்தி வேண்டாம், அவள் கொடுத்த உயிர், அவளே பார்த்துக்கொள்ளட்டும். பங்குனி முதல் வெள்ளிக்கு வீரமுத்து பூசாரியிடம் சொல்லிவைத்துவிட்டேன். நீ வந்து பொட்டலம் கட்ட வேண்டும். வேறு யார் கட்டினாலும் எனக்கு மனம் ஒப்பாது. அன்றைக்கு நீ கட்டியதில்தானே எனக்கு வாக்கு வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமாகி மூன்றாம் வருடம் உன் அண்ணன் குடித்துக்கொண்டிருந்தாரே, ஒரு நாள் கண்ணகியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பிவிட்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அப்போது அந்த வெள்ளைப் பூ கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நானாகத் தேடிக்கொண்ட வாழ்க்கையா இது, அவள் கொடுத்ததாயிற்றே, கொடுத்தவளுக்குத் தெரியாதா என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டேன். அந்த வெயிலில் பிள்ளையோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் என்பதே இல்லை.

அதனால் மறுக்காமல் வந்துவிடு.

உன் அண்ணி,
அம்சவள்ளி


பாடாலூர்
24-2-1984

அம்சா,

அண்ணி என்று எழுதி அடித்துவிட்டேன். இதைப் படித்த பிறகு அப்படிக் கூப்பிட என்னை விடுவாயா என்று தெரியாது. அதனால் அரியலூரில் ஒன்றாகப் படித்தபோது கூப்பிட்டது போலவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆபரேஷன் செய்துகொள். பூ கேட்காதே. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் கட்டிய இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டைதான் இருந்தது. சிவப்பு அரளியை நான் பறிக்கவே இல்லை.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கும். பரிசம் போட்டு இருபது நாளில் குவாரியில் வெடி தாமதமாக வெடித்து அண்ணன் கை போனது. சம்பந்தமே வேண்டாம் என்றார் உன் அப்பா. நீ மட்டும் சாமியிடம் கேட்போம் என்றாய். மாப்பிள்ளை வீட்டுப் பெண் கட்டட்டும், பெண் வீட்டுக் குழந்தை எடுக்கட்டும் என்று பேசி, பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், திரும்பவே இல்லை. நீ பூ கேட்பதற்கு முதல் நாள் என்னிடம், "கொல்லையில நிக்கிற அரளியில கொஞ்சம் அரைச்சுக் குடுத்துடு சம்பு, புண்ணியமாப் போவும்" என்றார்.

மறுநாள் காலையில் கூடையோடு அந்த அரளிச் செடி முன்னால் நின்றேன். கை போகவில்லை. திரும்பி வந்து நந்தியாவட்டையையே இரண்டு இலையிலும் வைத்துக் கட்டினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அதை நானே கொண்டுபோய் ஏரியில் போட்டேன்.

உன்னை ஏமாற்றியது ஒரு பாவம். அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. நான் அம்மனை நம்பவில்லை. அவள் கையில் விட்டால் சிவப்பு வந்துவிடுமோ என்று அவள் வேலையையும் நானே பார்த்துவிட்டேன். அன்றோடு எனக்கு ஓய்வு போயிற்று. ஒரு தடவை சாமியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவள் பிறகு எப்படி எழுந்திருப்பது? பூட்டு, அடுப்பு, கிணறு, பிள்ளைகள் எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுவாச்சூருக்கு நான் கும்பிடப் போகிறேன் என்றா நினைத்தாய்? கண்டுபிடித்துவிட்டாளா என்று பார்த்துவிட்டு வரப் போகிறேன். இன்றைக்குப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தத் தடவையும் இரண்டிலும் வெள்ளையே வைத்துவிடலாம், நீ பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. அங்கே போயும் நின்றேன். அப்போதுதான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நீ படியில் கால் வைத்து நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் கட்டிய பொய்யை நம்பி என் அம்சா வெயிலில் பிள்ளையோடு நடந்திருக்கிறாள். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆபரேஷனை மட்டும் செய்துகொள்.

சம்பூர்ணம்


பாடாலூர்
10-3-1984

அம்சா,

இரண்டு வாரமாகிவிட்டது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வகுப்பை விட்டு ஓடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

திட்டியாவது எழுது. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்களா என்று ஒரு வரி போதும். நேரில் வர எனக்கு முகமில்லை. கண்ணகி என்னைப் பார்த்து அத்தை என்று ஓடி வந்தால் நான் என்ன செய்வேன்?

சம்பூர்ணம்


கீழப்பழுவூர்
19-3-1984

சம்பூர்ணத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தது. முதல் கடிதத்தைப் படித்து நான்கு நாள் நான் நானாக இல்லை. உன்னை வாழ்த்திய வாயால் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் தபாலாபீசில் தீப்பிடித்துக்கொள்ளும். பதினோரு வருடமாக என் காலுக்குக் கீழே தரை என்று நினைத்தேன். அது நீ விரித்த பாய். அதை உருவிவிட்டாய். என் அப்பாவுக்குச் சாகும்வரை என்னை நினைத்து மனம் ஆறவில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு என்ன வாழ்க்கையோ. அதையும் நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்தேன். ஒரு நாள் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்துபோனேன்.

உன் அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு வாசலுக்குப் போய் ஆட்டுக்குத் தழை போட்டார். பிறகு உள்ளே வந்து சொன்னார்: "அம்சா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சம்மதிச்சிருக்க மாட்டேன். இப்ப போறதுன்னாலும் சொல்லு. பஸ் ஏத்தி வுடறேன். பையத் தூக்க ஒரு கை போதும்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனுஷனையா விட்டுப் போவது?

பங்குனி முதல் வெள்ளி செல்லியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி, "பொட்டலம் எங்க தாயி?" என்றார். கொண்டு வரவில்லை என்றேன். வெறும் கையோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் உன்னை நம்பினேனா, இலைப் பொட்டலத்தை நம்பினேனா என்று அவளையே கேட்டேன்.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்று புரிந்தது சம்பூர்ணம். பஸ் படியிலிருந்து என்னைத் திருப்பியது உன் பொய்ப் பூ. அது சரி. ஆனால் திரும்பி வந்த பிறகும் எட்டு மாதம் உன் அண்ணன் குடித்தாரே, அந்த எட்டு மாதமும் என்னைத் தாங்கியது யார்? நந்தியாவட்டையா? அது அன்றைக்கே வாடிவிட்டது. நான் சாய்ந்தேன். விழவில்லை. சாய்ந்த இடத்தில் ஒருத்தி இருந்திருக்கிறாள். தப்பான முகவரி எழுதிப் போட்ட கடிதம்கூடத் தெரிந்த தபால்காரர் கையில் கிடைத்தால் வீடு வந்து சேர்ந்துவிடுகிறதே, அப்படித்தான் எனக்கு நடந்திருக்கிறது.

இனிமேல் பூ கேட்க மாட்டேன். டாக்டரம்மா வாயால் சொன்னதையும் அவள்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன், 28ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். பிழைத்தால் அவள் கையில். பிழைக்காவிட்டாலும் அவள் கையில்தான். பயம் இருக்கிறது. முன்பு போலப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் தூக்கம் வருகிறது.

இப்போது உனக்குத் தண்டனை. எதை வேண்டுமானாலும் செய் என்றாயே, கேட்டுக்கொள். ஆபரேஷன் அன்றைக்கு நீ திருச்சிக்கு வரக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யக் கூடாது. எந்த நேர்த்தியும் வேண்டக் கூடாது. யாரையும் அனுப்பிப் பார்க்கக் கூடாது. பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடு. புதன்கிழமை சிறுவாச்சூரிலும் நடை சாத்தியிருக்கும், அங்கேயும் ஓட முடியாது. அன்று ஒரு நாளாவது நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து அவளை உட்காரவிடு. முடிந்ததும் உன் அண்ணன் தந்தி கொடுப்பார்.

கடிதத்தின் தலையில் அன்புள்ள என்று எழுதாமல் வேண்டுமென்றேதான் விட்டேன். எழுதி முடிக்கும்போது கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கே போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்: அன்புள்ள சம்பூர்ணத்துக்கு.

அம்சா என்று எழுதுகிற வேலையெல்லாம் வேண்டாம். அண்ணி என்றே எழுது.

உன் அண்ணி,
அம்சவள்ளி


பாடாலூர்
28-3-1984, புதன் மதியம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே இதை எழுதுகிறேன்.

காலையில் வீட்டைப் பூட்டினேன். தெருமுனையில் கால் நின்றது. திரும்பவில்லை. பூட்டு சரியாக விழுந்ததா இல்லையா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில்தான் போன் இருக்கிறது. எட்டே முக்கால் மணிக்கு அதைத் தாண்டி வந்ததுதான் இந்தப் பதினோரு வருடத்தில் நான் செய்த பெரிய வேலை. உங்கள் தண்டனை லேசானதென்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் முதுகில் நான்கு போட்டிருக்கலாம்.

ஒன்பது மணிக்கு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு கத்துகிறார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். தாயே, அவளை இப்போது மேசையில் ஏற்றியிருப்பார்கள், நான் அங்கே இல்லை, நீ இருக்கிறாய் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இதைச் செய்தால் அதைச் செய்கிறேன் என்று பேரம் பேச வாய் வந்தது. உங்கள் கடிதம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். சிறுவாச்சூரில் நடை சாத்தியிருக்கிறது. சாத்தியிருந்தால் என்ன, அவள் இல்லாமலா போய்விடுவாள்? இத்தனை நாள் திறந்த நடைக்கு முன்னால் நின்று பார்க்காத முகத்தை இன்றைக்குக் கரும்பலகையில் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். மேசையில் சும்மா தலையைச் சாய்த்தேன். ஒரு சின்னப் பெண் வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள். "டீச்சர், நீங்க கொறட்ட வுட்டீங்க" என்றாள். முக்கால் மணி நேரம் தூங்கியிருக்கிறேன் அண்ணி. உங்களுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாத நேரத்தில் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அழுதேன். துக்கத்தால் அழவில்லை. கல் சுமந்தவள் இறக்கிவைத்ததும் கை தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது.

இதோ, தந்திக்காரர் வந்துவிட்டார். வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கிறார். "டீச்சர், தந்தி! டீச்சர், தந்தி!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது. பழைய சம்பூர்ணமாக இருந்தால் செருப்பில்லாமல் ஓடியிருப்பாள். நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். இதை முடித்து, ஒட்டி, முகவரி எழுதிவிட்டுப் போய் வாங்கிக்கொள்கிறேன்.

முகவரியில் உங்கள் பெயரைத்தான் எழுதுகிறேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
சம்பூர்ணம்